நூற்றுப் பதினான்காம் நாற்காலி

என் அம்மாவுக்காக நான் வாங்கிய பிறந்தநாள் பரிசைத் திரும்ப வாங்கிக்கொள்ளாத கடை இந்த ஊரில் ஒன்றுகூடப் பாக்கி இல்லை. கடைக்காரர்களுக்கெல்லாம் என் முகம் அத்துப்படி. நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "பில்லப் பத்திரமா வச்சுக்குங்க சார்" என்பார்கள்.

போன வருஷம் கெட்டில். "மூடில இருக்கற குமிழ் நடுவுல இல்ல" என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஸ்கேல் வைத்து அளந்தேன். அரை மில்லிமீட்டர் தள்ளித்தான் இருந்தது. அதற்கு முந்தின வருஷம் சுவர்க் கடிகாரம். நொடிமுள் பன்னிரண்டைத் தாண்டும்போது தயங்குகிறதாம். அதற்கும் முன்னால் ஒரு கம்பளிச் சால்வை. இரண்டு ஓரமும் ஒரே நீளமில்லை. வயதானதால் வந்த குணம் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு ஏழு வயதானபோது நானே வரைந்து ஒரு வாழ்த்து அட்டை கொடுத்தேன். மறுநாள் காலையில் அது என் தலையணைக்குப் பக்கத்தில் கிடந்தது. ஓரத்தில் சிவப்பு மையில், "தேதி இல்லை. திருத்தி மீண்டும் தரவும்" என்று எழுதிச் சுருக்கொப்பமும் வைத்திருந்தாள்.

அம்மா கெட்டவள் இல்லை. பதிவேட்டு அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவள், கடைசிப் பதினைந்து வருஷம் கண்காணிப்பாளர். அங்கே அவளுக்குப் பெயரே 'சிவப்பு மை'தான். ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு வருஷமாகிறது. பேனாவை மட்டும் அவள் ஒப்படைக்கவில்லை.

வருகிற வெள்ளிக்கிழமை அவளுக்கு எழுபது வயது. எனக்கு நாற்பத்து நான்கு. இந்த நாற்பத்து நான்கு வருஷத்தில் நான் கொடுத்த எதையாவது பார்த்து அவள் 'நல்லா இருக்கு' என்று சொல்லிக் கேட்டதில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அந்த இரண்டு வார்த்தை வேண்டும். இந்த வயதில் இதென்ன ஆசை என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவியும் அதைத்தான் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது அம்மா நாற்காலியில் இப்படியும் அப்படியும் நெளிந்தாள்.

"இந்த வீட்டுல எதுல உக்காந்தாலும் பஸ்ஸுல உக்காந்த மாதிரியே இருக்கு. ஆபீஸ்ல எனக்கு ஒரு நாற்காலி இருந்துச்சு. நம்பர் நூத்திப் பதினாலு. அதுல ஒரு குறையும் கிடையாது."

என் கையிலிருந்த கரண்டி நழுவித் தட்டில் விழுந்தது. ஒரு குறையும் கிடையாது! அம்மா வாயிலிருந்து! நான் மனைவியைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். "போய்க் கேட்டுத்தான் பாருங்களேன்" என்று அவள் கண்ணாலேயே சொன்னாள். ஒரு பழைய மர நாற்காலி. கேட்டால் கொடுத்துவிட மாட்டார்களா?

இப்படி நினைத்தவன்தான் சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டவன்.

திங்கட்கிழமை காலை கிளம்பினேன். நான் லிப்ட் மெக்கானிக். என் போன் ஒரு இடத்தில் என்னை நிம்மதியாக நிற்க விடாது. எப்போது அடித்தாலும், எங்கோ ஒரு கட்டடத்தில் இரண்டு மாடிக்கு நடுவே யாரோ வியர்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதனால் அலுவலகத்துக்குள் நுழையும்போதே பத்து நிமிஷத்தில் முடித்துவிடவேண்டும் என்று நுழைந்தேன். வாசலில் வருகைப் பதிவேடு. பெயர், நேரம், வந்த காரியம் எல்லாம் எழுதி முடிக்கவே பத்து நிமிஷம் ஆயிற்று.

கிடங்கு எழுத்தர் மூன்றாவது மாடியில் இருந்தார். மூக்குக் கண்ணாடியைக் காதுக்கு ஒரு நூல் கட்டி மாட்டியிருந்தார். அவருக்குப் பின்னால் கம்பிக் கதவு. அதன் மேல் 'கழிவு அறை' என்று எழுதியிருந்தது; கழிவறை இல்லை, கழிவுப் பொருள் அறை. உடைந்த மேஜைகளுக்கு நடுவே, சன்னல் வெளிச்சத்தில், கை வைக்கிற இடம் தேய்ந்து வழவழத்த ஒரு நாற்காலி நின்றது. முதுகில் வெள்ளைப் பெயின்டில் 114.

"அதோ, அந்த நாற்காலிதாங்க" என்றேன்.

அவர் திரும்பியே பார்க்கவில்லை. பதிவேட்டைப் புரட்டினார். "அங்க நாற்காலியே இல்லைங்களே."

"கண்ணுக்கு நேரா நிக்குதுங்க."

"கண்ண வச்சு என்னங்க பண்றது? பதிவேட்டுல நூத்திப் பதினாலு கண்காணிப்பாளர் இருக்கைல பயன்பாட்டுல இருக்கு. வேணும்னா அங்க போய்ப் பாருங்க."

போய்ப் பார்த்தேன். கண்காணிப்பாளர் மேஜைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். இரண்டு முழங்காலிலும் பட்டை கட்டியிருந்தார். நின்றபடியே குனிந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். யாரையோ பார்க்க எழுந்திருக்கிறார் என்று நினைத்துக் கொஞ்ச நேரம் காத்திருந்தேன். அவர் உட்காரவில்லை.

"உக்காருங்க சார், மெதுவாப் பேசலாம்" என்றேன்.

"எனக்கு முன்னாடி இருந்த மேடம் ஓய்வு பெற்ற அன்னிக்கு இருக்கைக்கு ஆள் இல்ல. ஆள் இல்லாத நாற்காலி கூடத்துல இருக்கக்கூடாதுன்னு தற்காலிகமா அந்தக் கழிவு ரூம்ல வச்சாங்க. பதிவேட்டுல மாத்தல. பதிவேட்டுப்படி எனக்கு ஒரு நாற்காலி இருக்கு. அதனால வேற குடுக்க முடியாது" என்றார். குறைப்பட்டுக்கொள்ளவே இல்லை. வானிலை அறிக்கை வாசிப்பது போலச் சொன்னார்.

"எத்தன வருஷமா நிக்கிறீங்க?"

"வர்ற மாசத்தோட பன்னெண்டு."

அந்த மேடம் என் அம்மா என்று சொன்னேன். அவர் கை தானாக மேல்சட்டைப் பொத்தானைப் போட்டது. "மேடத்துக்காங்க? அப்படின்னா முறையாத்தான் செய்யணும்" என்றார். அந்த 'முறையா'வைக் கேட்டதுமே ஓடிவந்திருக்க வேண்டும். நான் மதியத்துக்குள் மனு எழுதிக்கொண்டு வந்தேன். இடப்பக்கம் இரண்டு விரற்கடை இடம் விடவில்லை என்று திருப்பித் தந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில் மனு ஏற்கப்பட்டது. மதியம் மறுபடி போனபோது அடுத்த கட்டத்தைச் சொன்னார்கள். நாற்காலியை வெளியே கொடுக்க அது கழிவு என்று சான்று வேண்டும். சான்றுக்கு மூன்று பேர் கொண்ட குழு. மூன்று பேரும் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பார்கள். யாராவது விழுந்தால் கழிவு. குழுவில் எழுத்தர், கண்காணிப்பாளர், தலைமை அதிகாரி.

"இப்பவே உக்காந்துடலாமே?" என்றேன். என் போன் சட்டைப் பையில் குதித்துக்கொண்டிருந்தது.

"தலைமை அதிகாரிக்கு மூட்டு வலி. மாடி ஏற மாட்டாரு. லிப்ட் ஆறு வருஷமா ஓடல" என்றார் எழுத்தர்.

எனக்குச் சிரிப்பு வந்தது. இதற்குத்தானே கடவுள் என்னைப் படைத்தான்! பையைத் திறந்தேன். முதல் மாடிக் கதவின் இணைப்பில் யாரோ ஒரு காகிதத் துண்டை நான்காக மடித்துச் செருகியிருந்தார்கள். பிடுங்கிப் போட்டுவிட்டுப் பொத்தானை அழுத்தினேன். லிப்ட் ஒரு முனகலோடு மேலே வந்து கதவைத் திறந்தது.

கைதட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். பார்த்தால், ஒவ்வொரு அறையிலிருந்தும் ஆட்கள் எழவு விழுந்த வீட்டுக்கு வருவது போல வருகிறார்கள்.

"என்ன காரியம் பண்ணிட்டீங்க!" என்றாள் தட்டச்சுக்காரம்மா. "லிப்ட் ஓடலங்கறதாலதான் எங்களுக்கு காலைல கால் மணி நேரம் தாமத அனுமதி இருக்கு. புள்ளைய ஸ்கூல்ல விட்டுட்டு வர்றேன். என் பொழப்புல மண்ணப் போடறீங்களே!"

எழுத்தர் என்னை ஓரமாக அழைத்துப் போனார். "ரிப்பேர்னு பதிவான லிப்ட் அனுமதியில்லாம ஓடறது பெரிய முறைகேடுங்க. இதுக்கு விளக்கம் எழுதப் போனா உங்க நாற்காலி அடுத்த வருஷம் ஆயிடும். அந்தக் காகிதம் எங்க?"

குப்பைத் தொட்டியைக் கிளறி அதே காகிதத்தைத் தேடியெடுத்து, அதே நான்கு மடிப்பில், அதே இடத்தில் செருகினேன். இருபது வருஷத் தொழிலில் நல்ல லிப்டை நான் ரிப்பேர் செய்தது அன்றைக்குத்தான். எல்லாரும் நன்றி சொல்லிவிட்டு மாடிப்படியில் இறங்கிப் போனார்கள்.

புதன்கிழமை காலை சோதனை. தலைமை அதிகாரி மேலே வர முடியாததால், கீழே தன் சொந்த நாற்காலியில் இரண்டு நிமிஷம் உட்கார்ந்து, 'அதுவும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும் எனக் கருதுகிறேன்' என்று எழுதி அனுப்பினார். எழுத்தர் உட்கார்ந்தார். விழவில்லை. நான் மனசுக்குள் விழு, விழு என்று வேண்டிக்கொண்டிருந்தேன். பிறகு கண்காணிப்பாளர் உட்கார்ந்தார்.

அவர் உட்கார்ந்த விதத்தை நான் மறக்கமாட்டேன். முதலில் கையை ஊன்றினார். மெல்ல இறங்கினார். முதுகு சாய்ந்ததும் கண் தானாக மூடிக்கொண்டது. எழுத்தர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "ரெண்டு நிமிஷம் ஆச்சு சார்" என்றார். அவர் எழுந்து, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, 'நாற்காலி நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதினார்.

"நல்ல நெலைல இருந்தா நீங்களே எடுத்துப் போட்டு உக்காரலாமே சார்!" என்றேன். என் பரிசு போனாலும் போகட்டும், இந்த மனிதர் உட்கார்ந்தால் போதும் என்றாகிவிட்டது.

"கழிவு அறைக்குப் போன பொருள் திரும்பக் கூடத்துக்கு வரக்கூடாதுங்க."

"அப்போ கழிவுதானே? எனக்குக் குடுங்க."

"கழிவுன்னா ஒடஞ்சிருக்கணும்."

"நகருங்க, ஒடச்சே குடுத்துடறேன்" என்று ஸ்பேனரை எடுத்தேன். பொதுச் சொத்துக்குச் சேதம் விளைவிப்பதற்குத் தனிப் படிவம் இருப்பதாகச் சொன்னார்கள். ஸ்பேனரைப் பைக்குள் போட்டேன்.

அன்றைக்கு மாலை ஒரு ஆஸ்பத்திரி லிப்டைச் சரிசெய்துகொண்டிருந்தபோது ஒரு யோசனை தோன்றியது: தலைமை அதிகாரியையே நேரில் பார்த்துவிட்டால் என்ன? கொட்டுகிற மழையில் வண்டியை விரட்டிக்கொண்டு போனேன். போய்ச் சேர்ந்தபோது எழுத்தர் கேட்டைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு வாங்க."

"சரி, நான் வந்தேன்னாவது பதிஞ்சுக்குங்க. நாளைக்கு இதுக்கும் ஏதாவது கேப்பீங்க."

"இருக்கைல ஆள் இல்லாதப்ப வந்தா வந்ததாவே ஆகாதுங்க. விதி பதினொண்ணு" என்று குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, வராதவனாக நான் கேட்டுக்கு முன்னால் நின்றேன். வீட்டுக்குப் போனால் அம்மா, "தரையெல்லாம் ஈரம் பண்ற, ஒழுங்கா மிதியடில நின்னு தொடச்சுட்டு வரத் தெரியாது?" என்று பிடித்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை மட்டும் மூன்று முறை போனேன். மூன்றாவது முறை தலைமை அதிகாரி பார்த்தார். ஒட்டாமல் விலகி நிற்கிற புன்னகையோடு என்னை உட்காரச் சொன்னார்.

"தம்பி, நீங்க நெனக்கிறீங்க, இங்க நாற்காலி முக்கியம்னு. நாற்காலி இன்னிக்கு இருக்கும், நாளைக்குக் கரையான் அரிச்சுடும். பதிவேட்டுல இருக்கற நாற்காலிய எந்தக் கரையானாவது அரிக்குமா? அதத்தான் நாங்க காப்பாத்தறோம். பொருள வெளிய குடுக்கறதுக்கு இந்த ஆபீஸ் இல்ல. வெளிய போகாம பாத்துக்கறதுக்குத்தான் இந்த ஆபீஸ். பன்னெண்டு வருஷத்துல ஒரு குண்டூசி வெளிய போனதில்ல. உள்ளயும் யாரும் அதப் பயன்படுத்தினதில்ல. இந்தப் பெருமை வேற எந்த ஆபீசுக்காவது உண்டா, சொல்லுங்க?"

"சார், உங்க கண்காணிப்பாளர் பன்னெண்டு வருஷமா நிக்கிறாரு!"

"அவரால ஒரு புகார் வந்திருக்கா? இல்லையே. நல்ல உழைப்பாளி."

எனக்குப் பொறுமை போய்விட்டது. "இந்த விதிய எல்லாம் எழுதின மகராசன் யாருங்க? அந்தக் கையத் தொட்டுக் கும்பிடணும்!"

"மகராசன் இல்ல, மகராசி" என்று அவர் சுவரைக் காட்டினார். கண்ணாடிச் சட்டத்துக்குள் இருபத்தாறு விதிகள். கையால் எழுதிய மூலப் பிரதி. இடப்பக்கம் சரியாக இரண்டு விரற்கடை இடம். அடியில், என் வாழ்த்து அட்டையிலும் என் மதிப்பெண் அட்டைகளிலும் பார்த்துப் பார்த்து எனக்கு மனப்பாடமான சுருக்கொப்பம்.

கிணறு வெட்டப் போனவனுக்குப் பூதம் கிளம்பினால்கூடப் பரவாயில்லை. எனக்குப் பெற்ற தாயே கிளம்பினாள்.

சாயங்காலம் கண்காணிப்பாளர் நான்கு பக்கக் கடிதம் ஒன்றை என் கையில் கொடுத்தார். மனு நிராகரிக்கப்பட்டது. "மன்னிச்சுக்குங்க சார். நாற்காலி போயிட்டா பதிவேட்ட மாத்துவாங்க, எனக்குப் புதுசா ஒண்ணு கெடைக்கும். அதாவது இதுல எனக்கு லாபம் இருக்கு. லாபம் இருக்கற எடத்துல நான் சாதகமா எழுதக் கூடாது. அதனால மறுத்துட்டேன்" என்றார். அவரைத் திட்டக்கூட எனக்கு மனசு வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை. வெறுங்கையோடு அம்மா முன்னால் நின்றேன். மனைவி சமையலறை வாசலில் நின்று, சொல்லுங்க என்று சைகை காட்டினாள்.

"உனக்கு உன் ஆபீஸ் நாற்காலியக் கொண்டு வரலாம்னு பாத்தேம்மா. தர மாட்டேன்னுட்டாங்க. இதான் தந்தாங்க" என்று கடிதத்தை நீட்டினேன்.

அம்மா கண்ணாடியை மாட்டினாள். சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினாள். பழக்கம். முதல் பக்கம். இரண்டாம் பக்கம். பேனா முனை காகிதத்துக்கு ஒரு விரற்கடை மேலேயே நகர்ந்தது, எங்கேயும் இறங்கவில்லை. நான்காம் பக்கம் முடிந்தது.

"நல்லா எழுதிருக்கான்" என்றாள். "விதி எல்லாம் வரிசையாக் காட்டிருக்கான். ஒரு ஓட்டை இல்ல."

நாற்பத்து நான்கு வருஷமாகக் காத்திருந்த வார்த்தை, போயும் போயும் அவருக்குப் போயிற்று! எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"ஓட்டை இல்லாததாலதாம்மா உன் நாற்காலி வரல! இத எழுதின மனுஷன் உன் எடத்துல பன்னெண்டு வருஷமா நின்னுகிட்டு இருக்காரு. முட்டி ரெண்டும் போச்சு. எல்லாம் நீ எழுதின விதி!"

"நிக்கிறானா?"

"நிக்கிறாரு."

அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தாள். "உக்காரலாம்னு ஒரு விதி எழுதணும்னு எனக்குத் தோணலடா. அதெல்லாம் மனுஷங்க தானா உக்காந்துக்குவாங்கன்னு நெனச்சேன்" என்றாள். பிறகு, "திங்கக்கிழமை என்னைய அங்க கூட்டிட்டுப் போ" என்றாள்.

"மூணு மாடி ஏறணும்மா."

"நீ எதுக்கு லிப்ட் மெக்கானிக்கா இருக்க?"

அந்தக் காகிதத் துண்டைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. அவள் மறுபடியும் கடிதத்தை எடுத்து மூன்றாம் பக்கத்தில் நிறுத்தினாள். 'மனுதாரர் இது தொடர்பாக நேரில் எட்டு முறை வந்தார்' என்று ஒரு வரி; கீழே நாளும் நேரமும்.

"திங்கள் ரெண்டு. செவ்வாய் ரெண்டு. புதன் காலைல ஒண்ணு. வியாழன் மூணு." விரல் அங்கேயே நின்றது. "புதன்கிழமை சாயங்காலம் தொப்பலா நனைஞ்சு வந்தியே, தரையெல்லாம் ஈரம்னு திட்டினேனே. எங்க போயிட்டு வந்த?"

"அங்கதான். கேட்டப் பூட்டிட்டாங்க. இருக்கைல ஆள் இல்லாதப்ப வந்தா சேராதாம்."

"சேராது" என்றாள் அம்மா. "விதி பதினொண்ணு. நான் எழுதினதுதான்."

பேனா காகிதத்தை நோக்கி இறங்கியது. பாதியில் நின்றது. அந்தச் சுவர்க் கடிகாரத்தின் நொடிமுள் பன்னிரண்டில் தயங்கியது போலவே தயங்கியது. பிறகு 'எட்டு' என்ற சொல்லின் மேல் நேராக ஒரு கோடு. அதற்கு மேலே 'ஒன்பது'. ஓரத்தில், 'புதன் மாலை, மழையில்'. சுருக்கொப்பம். தேதி.

காகிதத்தைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். இந்தப் பக்கம், அந்தப் பக்கம்.

"நல்லா இருக்குடா" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்க ஏதாவது பேசவேண்டுமே என்று, "குடும்மா, திருத்தினத ஒரு காப்பி எடுத்து ஆபீஸுக்கு அனுப்பிடறேன்" என்று கையை நீட்டினேன்.

அம்மா கடிதத்தை நான்காக மடித்துத் தலையணை உறைக்குள் வைத்தாள்.

"இது எனக்கு வந்த பொருள். வெளிய போகாது."